ஏதோ இருக்கோம்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சார்ஜாவிலிருந்து போன் வரும். செல்லை ஸ்பீக்கரில் போட்டு மாமியின் முன்னால் வைப்பேன்.

"எப்படிலே இருக்க?" என்று மாமி கேட்பார்.

"ஏதோ இருக்கேம்மா. வெயிலு கொளுத்துது. சாப்பாடு வாய்க்கு வெளங்கல" என்பார் என் வீட்டுக்காரர் ஃபரீத்.

மாமி முந்தானையால் கண்ணைத் துடைப்பார். நானும் துடைப்பேன். "நாங்களும் ஏதோ இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்போம். நாலு வருடமாக இதே பாட்டுதான்.

எங்கள் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை பார்த்தவர் அவர். கல்யாணமான ஆறாம் மாதமே சார்ஜாவில் ஒரு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். இரண்டு தடவை லீவில் வந்தார். அப்போதும் புலம்பல்தான். வெளிநாட்டில் இருப்பவன் நல்லா இருக்கேன் என்று சொன்னால் கண்ணு பட்டுவிடுமாம். போதாததற்கு, வீட்டை மறந்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களாம். எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போன எவனும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

2007 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. நாள் தப்பி வருகிறதே என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"ஏ புள்ள, என்னைய மெஷின் இன்சார்ஜா ஆக்கிட்டாக. ஃபேமிலி விசா தாராகளாம். கிளம்பி வா!"

"அந்த நரகத்துக்கா? நான் வரல."

"நரகமா? யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீக! வாராவாரம் சொன்னீகளே!"

மனுசர் அசடு வழிந்தார். "அது சும்மா சொல்றதுதான் புள்ள. இங்கன மலையாளத்தான் கடையில ஏலக்கா டீ போடுவான் பாரு, அத வாங்கிக்கிட்டு லீவு நாள்ல கடக்கரைக்குப் போயிருவோம். பாகிஸ்தான் பட்டாணிக்காரன் அடுப்புல ரொட்டி எடுப்பான், மொறம் அகலத்துக்கு. சூட்டோட பிச்சுத் திங்க வரிசையில நிப்போம். டிசம்பர் வந்தா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கு நடப்பேன். நம்மூர்க்காரனுக்குக் குளிரு கெடைக்குமா, சொல்லு? அல்லா அம்புட்டையும் குடுத்திருக்கான்."

கல்யாண வீட்டுக் கதை சொல்கிற மாதிரி குஷியாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு உச்சியில் ஏறியது.

"அடப்பாவி மனுசா! நீங்க அங்கன ரொட்டியத் தின்னுக்கிட்டு, ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கீக. நான் இங்கன கண்ணு அவிஞ்சு போற மாதிரி அழுதிருக்கேன்!"

போனைக் கட் பண்ணினேன். மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் போனை மாமி முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எதிர்வீட்டுச் சண்முகத்தாய் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் கட்டிக்கொண்டு வருவாள். எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் தின்போம். தீபாவளி சீசனுக்கு வரப்போகிற புது வாணங்களைக் கம்பெனிக்காரர்கள் அந்த நேரத்தில்தான் விட்டுப் பார்ப்பார்கள். பச்சையும் சிவப்புமாக வானத்தில் பூக்கும். எல்லாம் ஓசி வேடிக்கை.

அந்தச் சனிக்கிழமை, வேடிக்கையைக்கூடப் பார்க்காமல் அவரைத் திட்டித் தீர்த்தேன். சண்முகத்தாய் விரலில் ஒட்டிய சால்னாவை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏ ஷரீபு, வாராவாரம் இங்கன ஒக்காந்து நாலு பரோட்டா முழுங்குறியே, அத அண்ணங்கிட்டச் சொல்லிருக்கியா?"

எங்கே சொன்னேன்? நீங்க இல்லாம சோறு எறங்கல என்றல்லவா சொல்லிவைத்திருந்தேன்! எனக்கு முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

உடனே அவருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். திரும்பக் கூப்பிட்டார். பரோட்டா, சால்னா, வாணம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நாலு வருடத்தில் போனில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. இந்த மனுசரோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஆசை பொங்கிவிட்டது.

ஆனால் மாமி ஒத்துக்கொள்ளவில்லை. துணைக்கு ஆளில்லை என்பதற்காக அல்ல. பக்கத்துத் தெருவிலேயே மகள் இருக்கிறாள்.

"என் மகன் ஒருத்தன் கருகுறது பத்தாதா? வீட்டுக்கு வந்த புள்ளையையும் தீயில தள்ளவா?" என்று ஒரே பிடியாக நின்றார். அவர் சும்மா சொன்னதுதான் என்று நான் சொல்லியும் மாமி நம்பவில்லை. மாதக் கடைசிக்குள் விசாவுக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். அம்மா பேச்சை அவர் தட்டவும் மாட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"எப்படிலே இருக்க?"

"ஏதோ இருக்கேம்மா. வெயிலு..."

எனக்கு வந்த கோபத்தில் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினேன். "இன்னொரு தடவ வெயிலுன்னு சொன்னீக, நான் அங்கன வருவேங்கிற எண்ணத்தையே விட்டுருங்க!"

அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நான் நல்லா இருக்கேம்மா. ரூம்ல ஏ.சி. இருக்கு. கம்பளி போத்திக்கிட்டுத்தான் தூங்குறேன்."

மாமி போனருகே குனிந்தார். இன்றைக்கு ஒரு பிரளயம்தான் என்று நினைத்தேன்.

"கம்பளியா?"

"ஆமாம்மா."

"ஏலே, கிறுக்குப் பயலே! நீ அங்கன வெயில்ல வேகுறேன்னுதானலே நாலு வருசமா நான் ஃபேனப் போடாமப் படுக்குறேன்!"

கரண்டு பில்லுக்குப் பயந்துதான் போடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிவகாசிச் சித்திரை வெயிலில், அந்த உள்ளறையில், நாலு கோடை! ஒருநாள்கூட வாய் திறந்து சொன்னதில்லை. போனில் அவர் "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டிருந்தார்.

மாமி அழவில்லை. எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினார். ரெகுலேட்டரை அஞ்சு வரைக்கும் திருகினார். பாயை ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு மல்லாந்து படுத்தார். காற்று முகத்தில் பட்டதும் "அல்ஹம்துலில்லா" என்றார்.

"இந்தப் புள்ளைய அனுப்பி வைக்கிறேன்லே" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "இப்பப் போன வையி. நான் கொஞ்சம் தூங்குறேன்."