வாசக்காலுக்குள் பல்செட்டு

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குள் எங்கள் புது வீட்டு வாசக்காலை நிறுத்திவிட வேண்டும் என்று நாள் குறித்திருந்தது. எங்கள் குடும்ப வழக்கப்படி அதன் இரண்டு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு மஞ்சள் துணி முடிச்சு வைத்துச் சிமெண்டு பூச வேண்டும். ஒன்றில் நவதானியம், மற்றொன்றில் நவரத்தினக் கற்கள். தாம்பாளத்தில் மூன்று முடிச்சுகள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது, என் அக்காள் நிர்மலாவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடும் சுந்தரமூர்த்தியுடைய புதுப் பல்செட்டு. அன்று விடியற்காலை அதைத் திருத்தணி மலைக்குக் கொண்டுபோய், முருகன் பாதத்தில் வைத்து வாங்கி, விபூதியோடு அதே மாதிரி மஞ்சள் துணியில் முடிந்து தாம்பாளத்தில் வைத்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குத்தான் முதன்முதலாக மாட்டிக்கொள்வதாக உத்தேசம். இலை போட்ட பிறகு, தாம்பாளத்தில் மீந்திருந்த முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒன்பது கற்கள் இருந்தன.

கொத்தனார் கந்தனைக் கூப்பிட்டேன். "எந்தப் பக்கம் எதை வெச்சே?"

"ஒன்ன இந்தப் பக்கம் வெச்சேங்க. ஒன்ன அந்தப் பக்கம் வெச்சேன்."

பாவாவுக்குத் திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பல் இருந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றுகிறவர் அவர். இனிமேல் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்தான் என்று முடிவாகி, திங்களன்று குரல் எடுக்கிறார்கள். பல் இல்லாமல் அவர் 'கனகம்மாசத்திரம்' என்றால் பாதி காற்றுதான் வருகிறது. அவரை விட்டால் ராஜேஷ். ராஜேஷ் கூவ வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"ரெண்டு பக்கமும் இடிச்சுடு மச்சான்" என்றார் பாவா.

நாள் குறித்துக் கொடுத்தவர் சம்மதிக்கவில்லை. பல் இருக்கிற பக்கத்தை இடிக்கலாமாம், அது முறைப்படி வைத்ததல்ல. தானியம் இருக்கிற பக்கத்தைத் தொட்டால் வாசக்காலையே பிடுங்கிவிட்டுத் தை மாதம் வரை காத்திருக்க வேண்டுமாம்.

அப்போதுதான் கந்தனின் மகள் கவிப்பிரியா முன்னால் வந்தாள். சென்னையில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். "ஒடைக்காம, வெளிய கெடைக்கிற சத்தத்த வெச்சு உள்ள இருக்கறத கண்டுபுடிக்கிற கணக்குங்க. வயித்த ஸ்கேன் பண்றாங்களே, பூகம்பத்த வெச்சு பூமிக்குள்ள பாக்கறாங்களே, அதான். நாலு வருஷமா இதத்தான் படிச்சுகினு இருக்கேன்."

வியாழக்கிழமை நான்கு செல்போன்களைச் சுவரில் ஒட்டிவைத்து, சிறு சுத்தியலால் நூற்று நாற்பத்து நான்கு முறை தட்டினாள். சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"பல்லு இடது பக்கம் இருக்கலாம். வலது பக்கமும் இருக்கலாம். ரெண்டுக்கும் ஒரே சத்தந்தான் வரும். கணக்குப்படி, வலது பக்கம் ஒரு சின்ன கன்னுக்குட்டி இருந்தாக்கூட இதே சத்தந்தான்."

கந்தன் பதறிப்போய், "கன்னுக்குட்டியெல்லாம் நான் வெக்கலீங்க" என்றார்.

"ஆங், அப்படிச் சொல்லு நைனா. அதான் வேணும். சத்தம் மட்டும் பத்தாது. உள்ள எது இருக்கும், எது இருக்காதுன்னு நாமளும் கொஞ்சம் சொல்லணும்."

அதன் பிறகு தெருவே வந்து சொன்னது. "இவரு எப்பவும் இடது பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுப்பாரு, பல்லும் அங்கதான் போயிருக்கும்" என்றாள் அக்காள். கவிப்பிரியா அதையும் ஓர் எண்ணாக மாற்றிச் சேர்த்துக்கொண்டாள். கன்றுக்குட்டி விலகியது. இடமா வலமா என்பது மட்டும் தீரவில்லை.

அடுத்த வழி, மாதிரி. அதே அளவுப் பல்செட்டை ஒரு சிமெண்டுக் கட்டியிலும், நவதானியத்தை இன்னொரு கட்டியிலும் பதித்துத் தட்டிப் பார்த்து, வாசக்கால் சத்தத்தோடு ஒப்பிடுவது. வெள்ளிக்கிழமை நானும் பாவாவும் அரக்கோணம் போனோம். பல்செட்டு செய்து கொடுத்த முக்தார் அகமதுவிடம் அச்சு பத்திரமாக இருந்தது.

"போட்டுக்கவா, கட்டியில வெக்கவா?" என்று கேட்டார்.

"கட்டியில வெக்கத்தான் பாய்."

"அப்ப பாலிஷ் வாணாம். நாளைக்கு வாங்கிக்கங்க."

சனிக்கிழமை பாவாவே அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். தன் கையாலேயே சிமெண்டில் பதித்து, "நேரா இருக்குதாம்மா, நேரா இருக்குதாம்மா" என்று இரண்டு தடவை கேட்டார். எது எந்தக் கட்டி என்று தெரிந்தால் கை பாரபட்சமாகத் தட்டும் என்று கவிப்பிரியா சொன்னதால், கந்தன் கண்ணை மூடிக்கொண்டு கட்டிகளை இடம் மாற்றி வைத்தார். ஞாயிறு முழுக்கத் தட்டல்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கேட்டோம். "வாசக்கால் இன்னும் தெரியல. ஆனா இந்த ரெண்டு கட்டியில பல்லு எதுலன்னு எழுபது சதவீதம் சொல்லிடலாம்" என்றாள் பெருமையாக.

அந்த நேரம் ராஜேஷ் புதுச்சட்டையில் தெருவோடு போனான். "இன்னாண்ணா, நீ வரலியா? எழுதிக் குடுத்தா உன் பங்கையும் நானே கத்திட்டு வரேன்."

பாவா பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது. அப்படியே ஒரு கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டென்று தலையைத் தூக்கினார்.

"மச்சான், இந்தக் கட்டியில இருக்கற பல்லு யாரு அளவு?"

"உங்க அளவுதான் பாவா."

பாவா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கட்டியைக் குனிந்து பார்த்தார்.

"மாமா, ஒடைக்கக் கூடாது" என்றாள் கவிப்பிரியா மெல்லிய குரலில். "ஒடைச்சுப் பாத்தா அப்புறம் அது கணக்கே இல்ல."

கந்தன் மகள் முகத்தைப் பார்க்காமல் சுத்தியலை நீட்டினார். முதல் கட்டியில் தானியம். இரண்டாவதில் பல். பாவா குழாயடியில் அவசரமாக அலசி மாட்டிக்கொண்டார்.

"நாப்பது தட்டு பாக்கி இருக்கு மாமா. மறுபடி கட்டியில வெச்சுக் குடுத்தீங்கன்னா..."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நானும் ஓடிப்போய் ஏறினேன். ஒலிப்பதிவு அறையில் பெயர் கேட்டதற்குக்கூட வாயைத் திறக்காமல் காகிதத்தில் எழுதிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் திறந்தார்: பொதட்டூர்பேட்டை, கே.ஜி.கண்டிகை, கனகம்மாசத்திரம், எல்லாம் ஒரே மூச்சில்.

குரல் பிரமாதம், ஆனால் நடுவில் மணல் மாதிரி ஏதோ கரகரக்கிறது, பல்செட்டைக் கழற்றி ஒருமுறை கழுவிவிட்டு வாருங்கள் என்றார் பதிவு செய்தவர்.

பாவா கழற்ற மறுத்துவிட்டார். இப்போது திருத்தணிப் பேருந்து நிலையத்தில் எல்லா ஊர்ப் பெயரும் அந்தக் கரகரப்போடுதான் வருகிறது.