வல்லரசு படித்த பைத்தான்

ஹவில்தார் வல்லரசு பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியபோது அவருக்கு நாற்பது வயது. வந்த வாரமே மனைவி கனகலட்சுமியின் அண்ணன் பாண்டிதுரை ஏ.டி.எம். காவல் வேலை ஒன்றைப் பேசி முடித்துக்கொண்டு வந்தார்.

"சும்மா உக்காந்திருந்தா போதும், மாப்ளே."

"உக்கார இன்னும் வயசாகல, மச்சான்" என்றார் வல்லரசு.

பட்டாளத்தில் ஸ்டோர் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர். அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று தோண்டிப் பார்க்கும் ஆசை அப்போதே உண்டு. இராஜபாளையத்தில் ஒரு சென்டரில், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்பில் சேர்ந்தார்.

முதல் நாள் அவர் நுழைந்ததும் மாணவர்கள் எழுந்து நின்றார்கள், புது வாத்தியார் என்று நினைத்து. அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. பாடம் நடத்திய ஷெரினும் சிரித்துவிட்டாள்.

முதல் மாதம் திரையெல்லாம் பிழை காட்டும் சிவப்பு எழுத்துதான். ஒரு வரி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் ப்ரோகிராம் ஓடாது. ஒருநாள் வீட்டில் லேப்டாப்பை மூடிவிட்டார்.

"உங்க அண்ணன் சொன்ன வேலை இருக்கான்னு கேளு."

"கேக்க மாட்டேன்" என்றாள் கனகலட்சுமி. "ரைபிளக் கழட்டி மாட்ட ஒரே நாள்லயா படிச்சீக? செத்த நேரம் நடந்துட்டு வந்து மறுபடி உக்காருங்க."

நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்ததும் ஷெரின் அவரை வேலைக்காக, பாண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினாள். அதை நடத்திய சிவரஞ்சனி ஒரு பைலைக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரிகள்ல இருந்து திரும்பி வந்த சரக்கு விவரம். ஒரு பழைய தறி மேலதான் எல்லாருக்கும் சந்தேகம். நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஒரே ஆஸ்பத்திரியின் பெயர் பல விதமாக அடிக்கப்பட்டிருந்தது. முதலில் அவற்றை ஒன்றாக்கினார். பிறகு வரைபடம் போட்டார். பழைய தறித் துணி மற்றதைவிட அதிகமாகத் திரும்பவில்லை. மழை மாதங்களில், ஒரு குடோனிலிருந்து போன பெட்டிகள்தான் அதிகமாகத் திரும்பியிருந்தன. உடனே எல்லாரும் அங்கே போனார்கள். பெட்டிகளை நகர்த்தியதும் சுவர் முழுக்க ஈரம் கசிந்த ஓதம்.

சிவரஞ்சனி சுவரைத் தொட்டுப் பார்த்தார். "திங்கக்கிழமை வந்து சேந்துக்கோங்க. என்ன பதவின்னு போடட்டும்?"

"டேட்டா அனலிஸ்ட்" என்றார் வல்லரசு. சொல்லும்போது அவரறியாமல் உடம்பு விறைப்பாக நின்றது.

அன்று மாலை கனகலட்சுமி தெருவுக்கே பால்கோவா கொடுத்தாள். அது என்ன வேலை என்று கேட்டவர்களை உட்காரவைத்து, குடோன் சுவர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.