தளபதியின் நீலக் கவசம்

ஓவியாவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. வரிச்சிக்குடி வீட்டு மாடியறையில் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மேசைமேல் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் தளபதி நீலக் கவசத்தோடு நின்றான். அவனை முடித்துவிட்டால் படை முழுதும் தயார். தயாரானால் தோழி முத்தமிழ் அதைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மேற்குக் கரையிலிருக்கும் மாஹேவுக்குக் கிளம்பிவிடுவாள். அதுதான் சங்கடமே.

கல்லூரிக் காலத்திலிருந்து இருவருக்கும் இந்தப் பொம்மைப் போர்ப் பைத்தியம். மேசையில் மலையும் கோட்டையும் அமைத்துப் பகடையை உருட்டி, ஞாயிறு முழுக்கச் சண்டை. பொம்மைகளை வாங்கியது முத்தமிழ். வண்ணம் தீட்டியது ஓவியா. கழுதை வயசில் சொப்பு விளையாடுதுங்க என்று அம்மா சொல்லாத நாளில்லை. இப்போது முத்தமிழுக்கு ஆஸ்பத்திரி வேலையில் மாற்றல். புதுச்சேரி அரசு வேலை என்றால் ஏனாமோ மாஹேயோ என்றைக்காவது தலையில் விடியத்தான் செய்யும். தெரிந்த கதைதான். தெரிந்திருந்து என்ன, மனசு கேட்க வேண்டாமா?

ஆகவே ஒரு வாரமாகப் பழியை நீலத்தின்மேல் போட்டுவந்தாள். முதலில், நிறம் கறுத்துவிட்டது என்றாள். ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, மறுபடி அடர்நீலம், இடுக்குகளில் நிழல், விளிம்புகளில் மயிரிழையாக வெளிர்நீலம். பிறகு, விளிம்பு தடித்துவிட்டது என்றாள். மறுபடி ஸ்பிரிட். ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். இவளுக்கோ நன்றாகவே ஆடத் தெரியும். அன்று காலை, நாலாம் முறை, தளபதி அப்பழுக்கில்லாமல் நின்றான். சாக்கு தீர்ந்தது.

சாயங்காலம் ரயில். பொம்மைகளை எடுத்துக்கொள்ள மத்தியானம் வருகிறேன் என்று முத்தமிழ் போன் செய்திருந்தாள். மிச்சமிருந்தது பளபளப்பை அடக்கும் வார்னிஷ் ஸ்ப்ரே மட்டும். கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் அதை அடித்தால் வண்ணத்தின்மேல் வெள்ளை பூத்துவிடும். அதற்கு இருவரும் வைத்திருந்த அளவுகோல் சமையலறை உப்பு ஜாடி. உப்பு பிசுபிசுத்தால் அன்று ஸ்ப்ரேயைத் தொடக்கூடாது. ஓவியா கீழே போய் ஜாடிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மேலே வந்தாள். அடித்தாள்.

முத்தமிழ் வந்தபோது நீலமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. பாழாய்ப்போய்விட்டது, பெட்டி இங்கேயே இருக்கட்டும், எல்லாவற்றையும் சேர்த்து அப்புறம் அனுப்புகிறேன் என்று ஓவியா மளமளவென்று சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை முத்தமிழ் காத்திருக்கவில்லை. கீழே போய் ஒரு கையில் உப்பு ஜாடியும் மறுகையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்தாள்.

"உப்பு தண்ணியா ஒழுகுது. பாக்காமயா அடிச்ச?"

ஓவியா ஜாடியைப் பார்த்தாள். "பாத்துட்டுத்தான்டி அடிச்சேன்" என்றாள். "நீ போறது எனக்குப் புடிக்கல."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முத்தமிழ் எதிரே உட்கார்ந்து தூரிகையை எண்ணெயில் தொட்டுக் கவசத்தின்மேல் மெல்லத் தடவினாள். வெள்ளை கரைந்து நீலம் மேலே வந்தது. இந்த வைத்தியத்தைப் போன மழைக்காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஓவியாதான்.

பிறகு முத்தமிழ் படையைப் பெட்டியில் அடுக்கினாள். தளபதியை மட்டும் மேசையிலேயே நிறுத்திவிட்டு மூடினாள். இவன் இல்லாமல் ஆட முடியாதே என்றாள் ஓவியா.

"ஆமா. ஆடணும்னா நான் இங்கதான வரணும்" என்றாள் முத்தமிழ், எண்ணெய்க் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே.