பாதி ரத்தத்தோடு

மண் நிரப்பிய பைகளின் மேலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த தம்பி பொண்டாட்டியைப் பார்த்ததும் மேஸ்திரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் செடிப் பண்ணையில் வேலை செய்யும் பெண்களையெல்லாம் மேய்ப்பவள் அவள். வேறு யாராவது என்றால் தண்ணீரைக் கொட்டி எழுப்பியிருப்பாள். சொந்தக்காரியாகப் போய்விட்டாளே, என்ன செய்ய! "உன் வீட்டுத் தூங்குமூஞ்சிய நாளையிலேருந்து வரவேணாம்னு சொல்லிடு" என்று முதலாளி காலையில்தான் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். தம்பியோ வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இவள் கூலியும் நின்றால் அங்கே அடுப்பு எரியாது.

"ஏண்டி, ராத்திரியெல்லாம் கோட்டையா பிடிச்சே? எந்திரி!"

"இதோ அண்ணி" என்று எழுந்தவள், இரண்டு எட்டு வைத்ததும் அப்படியே சரிந்தாள். மேஸ்திரியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தவள் சொன்னதைக் கேளுங்கள்: "ஒண்ணுமில்ல அண்ணி. இன்னும் கொஞ்சம் பைதான் பாக்கி, முடிச்சிடறேன்."

பையாவது ஒன்றாவது! தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

சோதனை முடிந்ததும் டாக்டர் கேட்டார், "இவங்கள யாரு தூக்கிட்டு வந்தது?"

"நடந்துதான் டாக்டர் வந்தா."

"நடந்தா? பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் அஞ்சுதாம்மா இருக்கு. கொக்கிப்புழு. வெளிக்குப் போற எடத்து மண்ணுல வளரும். வெறுங்கால்ல மிதிச்சா தோலைத் துளைச்சு உள்ள போயி, குடலைக் கடிச்சுக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சும். மாத்திரைக்குப் புழு செத்துடும், பயப்படாதீங்க. ரத்தம் ஏத்தணும், படுக்கட்டும்."

நாற்று நசுங்கும் என்று பாத்திக்குள் செருப்பைத் தடுத்தவளே மேஸ்திரியம்மாதான். கக்கூஸ் இல்லாத பண்ணையில் எல்லாரும் ஒதுங்குவது பாத்தியை ஒட்டிய வேலி ஓரத்தில்தான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவள் பை சுமந்தாள், வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், துவைத்தாள், திட்டியதற்கெல்லாம் சிரித்தாள். அடேயப்பா, என்ன பிறவி இவள்! நானாக இருந்தால் பாயை விட்டே எழுந்திருக்க மாட்டேனே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

தம்பியை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நேரே பண்ணைக்குப் போனாள். முதலாளி பாத்தி ஓரம் நின்றிருந்தார்.

"தூங்குமூஞ்சிய அனுப்பிட்டியா?"

"இல்லீங்க. அவ திரும்பி வருவா. புழு குடிச்சது போக மிச்சம் இருந்த பாதி ரத்தத்துல இத்தன நாளு உங்களுக்கு உழைச்சிருக்கா. முழு ரத்தம் ஊறினா உங்க பண்ணை தாங்காது, பாத்துக்குங்க. ஆனா மொதல்ல இங்க ஒரு கக்கூஸ் கட்டணும், எல்லாருக்கும் மாத்திரையும் செருப்பும் வேணும். இந்த மண்ணுலதான் அந்தப் புழு இருக்கு."

"கட்டலேன்னா?" என்றார் முதலாளி.

அவள் பதில் சொல்வதற்குள், பாத்தியில் குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். சேற்றிலிருந்து காலை உருவி, சிமெண்டு வரப்பின் மேல் ஏறி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒவ்வொருத்தியாக, சேறு சொட்டும் பாதங்களோடு.