விட்டுவந்தவர்களின் நாடி

மட்டாஞ்சேரி ஆம்புலன்ஸில் நர்ஸாக இருந்த சங்கரியின் இடது கையில், அந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவரவர் வீட்டிலேயே அவள் விட்டுவந்த நோயாளிகளின் நாடியும் சேர்ந்து துடித்தது. முதலில் விரலுக்கு ஒருவராக இருந்தார்கள். கர்க்கடகம், அதாவது ஆடி, பிறப்பதற்குள் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் அவள் வேலை, ஆளை வண்டியில் ஏற்றி, உயிரைப் பிடித்துவைத்து, ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது. தங்கதுரை வண்டி ஓட்டுவார், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்கத் தொடங்கின. படுக்கை காலியாகும்வரை நோயாளி வண்டிக்குள்ளேயே கிடந்தார். அதனால் புதிய விதி வந்தது. இனி நர்ஸ் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பாள், போன் திரையில் ஒரு டாக்டர் சரி என்பார், அவசரமில்லாதவர்களை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போக வேண்டும். தங்கதுரைக்கும் நெஞ்சை அழுத்தப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் முறை அழுத்தியபோது விலா முறிந்த சத்தத்தைக் கேட்டவர், பிறகு சில நாள் ஸ்டியரிங்கைக்கூட மெதுவாகத்தான் பிடித்தார்.

எந்தத் துடிப்பு யாருடையது என்பது சங்கரிக்குத் தெரிந்தது, மாடிவீட்டுக்காரர்களின் நடையை வைத்து ஆளைச் சொல்வதுபோல. பயம்தான் பழகவில்லை. சோறு பிசையும்போது ஏதாவது ஒன்று தயங்கும். அது மறுபடி கிளம்பும்வரை அவள் கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பாள். கணவன் அந்தக் கையைத் தொடுவதை நிறுத்திவிட்டான்.

பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை தூக்கும் இசக்கிதுரையை அவள் ஒரு செவ்வாய்க்கிழமை விட்டுவந்தாள். நெஞ்செரிச்சல் என்றார். ஈசிஜியில் குறை ஒன்றும் தெரியவில்லை. டாக்டர், வெறும் வாயு என்றார். திரும்பும் வழியிலேயே அவருடைய நாடி மோதிரவிரலுக்கு வந்துவிட்டது, நிதானமாக, சுமைக்காரரின் நடைபோல. வியாழன் மதியம், ஆஸ்பத்திரி வரிசையில் வேறொரு நோயாளியோடு நிற்கும்போது அது தடுக்கியது.

"அண்ணாச்சி, இசக்கிதுரைக்கு என்னமோ ஆகுது" என்றாள் சங்கரி, தங்கதுரையிடம்.

கட்டுப்பாட்டு அறையில், அந்த முகவரியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை, அழைப்பில்லாமல் வண்டி போகக்கூடாது என்றார்கள். அவள் அவர் மனைவி ஆவுடையம்மாளுக்குப் போன் செய்தாள்.

"அவரு சாயா குடிச்சிட்டு இருக்காரு. ஒரு குழப்பமும் இல்ல. ஏம்மா?"

சங்கரி போனை வைத்தாள். வண்டியிலிருந்த நோயாளியை உள்ளே ஒப்படைத்ததும் தங்கதுரை வண்டியைத் திருப்பினார். எங்கே போகிறீர்கள் என்று கட்டுப்பாட்டு அறை கேட்டதற்கு, டீசல் போட என்றார்.

இசக்கிதுரை கோபப்பட்டார். "நல்லா இருக்கிறவனக் கொண்டுபோய் எங்க படுக்க வைக்கப் போறீங்க?" ஈசிஜி அன்றும் ஒழுங்காகவே இருந்தது. திரையிலிருந்த டாக்டர் அவரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சங்கரி போனை அணைத்தாள். தன் மோதிரவிரலை அவர் மனைவியின் கன்னத்தில் வைத்தாள். ஆவுடையம்மாள் அந்தத் தடுக்கலைக் கன்னத்தில் உணர்ந்தாள். பிறகு புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து வண்டியில் தள்ளினாள்.

தோப்பும்படிப் பாலத்தில் அந்த விரலில் துடிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் இசக்கிதுரையின் கண் மேலே செருகியிருந்தது. தங்கதுரை மழையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஏறி அழுத்தத் தொடங்கினார். சங்கரி ஷாக் கொடுத்தாள். மீண்டும் கொடுத்தாள். ஆவுடையம்மாள் புருஷனின் கழுத்தைத் தொடவில்லை, சங்கரியின் மோதிரவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வருது, வருது" என்று அவள்தான் முதலில் கத்தினாள். கழுத்தில் துடிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துக்கொண்டதும் அவருடைய நாடி சங்கரியின் விரலை விட்டு இறங்கிப்போனது, இனி அவர் விட்டுவந்தவர் அல்ல.

அந்த நேரத்தில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து, ஒரு பெண்ணுக்காக, ஓர் அழைப்பு வந்திருந்தது. பக்கத்தில் வேறு வண்டி இல்லை. காக்கநாட்டுப் பக்கமிருந்து வந்த வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் இறந்து கிடந்தாள். அவள் நாடி யார் கையிலும் இருந்ததில்லை. தங்கதுரை அந்த வீட்டுக்குத் தனியாகப் போனார். உள்ளே நுழையாமல் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி சங்கரியின் கையைத் தொட்டுப் பார்த்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார். தண்டனை எதுவும் வரவில்லை. அடுத்த மாதம் முதல், விட்டுவந்தவர்களைக் கையில் வைத்துக் கவனிப்பதும் நர்ஸின் கடமைகளில் ஒன்று என்று உத்தரவு வந்தது. வைப்பின் தீவு ஆம்புலன்ஸிலும் ஒரு நர்ஸுக்கு அது தொடங்கியிருந்தது. காயலின் இரு கரையிலும் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பஸ்ஸில் சங்கரிக்கு இடம் விட்டார்கள், இடது பக்கம் மட்டும் யாரும் உட்காரவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போன் செய்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று அவளிடம் கேட்டார்கள். அவள் கையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

ஓணம் கழிந்தபோது விட்டுவந்தவர்கள் தோள்வரை வந்துவிட்டார்கள், தன்னுடைய நாடி எது என்று அவளுக்கே தெரியாமல் போனது. எப்போதாவது ஒன்று நிற்கும். அப்போது சங்கரி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தான் விழவில்லை, நின்றது தன்னுடையது அல்ல என்று தெரிந்த பிறகு, தங்கதுரையிடம் வண்டியை எடுக்கச் சொல்வாள்.