துண்டுக்கடியில் ஐந்து கடைகள்

சித்தூர் ஏரிக்கரையில் படகுத்துறையும் வட்ட மேடையும் வரப்போவதாக அறிவிப்பு வந்தபோது, அங்கே மாங்காய் மண்டி வைத்திருந்த ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: புதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு கடை தந்தால் காலி செய்கிறோம். பேசுவதற்கு உமாபதியை அனுப்பினார்கள். பேரத்தில் அவரை மடக்கியவன் புத்தூர் வரைக்கும் கிடையாது.

எங்கள் மண்டியில் பேரம் துண்டுக்கடியில்தான். வாங்குகிறவன் தான் கேட்கும் விலைக்கேற்ப விரலைப் பிடிப்பான். விற்கிறவன் பதிலுக்கு அழுத்தினால் முடிந்தது. எத்தனை விரல் என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. சீட்டும் கிடையாது, பேச்சு மாறுவதும் கிடையாது.

திட்ட அதிகாரி வெங்கட் கைகுலுக்கக் கையை நீட்டினார். உமாபதி அதன்மேல் துண்டைப் போட்டு ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே நன்றாக அழுத்தினார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான் அழுத்துவார்கள் என்பது உமாபதிக்கு அப்போது தோன்றவில்லை.

“முடிஞ்சி போச்சி. கண்ண மூடிக்கினு சைன் போடுங்கடா,” என்றார், மற்ற நால்வரிடம் வந்து. காலி செய்யும் பத்திரத்தில் போட்டார்கள்.

இரண்டே வருடத்தில் ஏரியில் அன்னப்பறவைப் படகுகள் மிதந்தன. கடைகளெல்லாம் டெண்டரில் போயின. மண்டி இருந்த இடத்தில் இருநூறு ரூபாய்க்கு மாம்பழ ஜூஸ். கேட்கப்போன உமாபதியிடம், எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறதா என்று அதிகாரி தெலுங்கில் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பேப்பர் உந்தா, உமாபதிகாரு?”

ஐந்து பேரும் பார்க்கிங் வாசலில், தினமும் போலீஸ் விரட்டும்வரை, தள்ளுவண்டி நிறுத்திப் பிழைத்தார்கள். மற்ற நால்வரும் உமாபதியோடு டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏரிக்கரைத் திட்டத்தின் முதல் ஆண்டு விழாவில் ‘மண்ணின் மரபு’க்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, துண்டு பேரத்தைச் செய்து காட்ட அவரையே கூப்பிட்டார்கள். மனைவி பொன்னியம்மா போகவேண்டாம் என்றாள். ஊர் முன்னால் கேட்டுவிடலாம் என்று போனார். மேடையில் அதிகாரியே கை நீட்டினார். உமாபதி துண்டைப் போட்டு அதே ஐந்து விரல்களைப் பிடித்தார். பதிலுக்கு அதே அழுத்தம். பிடித்த கையை விடாமல் துண்டை உருவினார். எங்கள் மண்டியில் அதுவரை ஒருவரும் செய்யாத காரியம் அது.

“அஞ்சி கட சார். அன்னிக்கும் இதே கை தான்.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. அதிகாரி மைக்கை வாங்கி, ஐந்து கடை என்ன, ஏரியையே எழுதித் தருகிறேன் என்றார். சிரிப்பு இன்னும் பலத்தது. உமாபதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் காலை பார்க்கிங் வாசலில் சம்பத்துக்குக் கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு லோடு காய் வந்து இறங்கியது. ஐவரில் இளையவன் அவன். உமாபதி அதை வாங்கப் போய்த் துண்டை விரித்து, அதற்கடியில் கையை நீட்டினார்.

சம்பத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“துண்ட மடிச்சி வையிண்ணா. வெலய வாயால சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்.”