தலைமையாசிரியை எத்தனை பேர்?

என் கைப்பேசி ஒன்பது கட்டை. சாவிக்கொத்து நான்கு. கரும்பலகைத் துடைப்பான் வெறும் இரண்டுதான். பார்வைக்கு அது கைப்பேசியைவிடப் பெரியது என்பதால் வகுப்பே கொஞ்சம் ஏமாந்துபோனது. துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் மணல் விளையாடும் குட்டி வாளிகளைத் தொங்கவிட்டு, அதைக் கதவின் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். மழலையர் வகுப்புக்கு நான் செய்து தந்த தராசு அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்தக் கதவை யாரும் ஒழுங்காகச் சாத்தியதில்லை. ஒரு வாளியில் பொருள், மறு வாளியில் மரக்கட்டைகள். வாளி இறங்குகிறதா என்று இருபது குழந்தைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்த அமைதியைக் கத்தி வாங்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நான் கத்திப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தலைமையாசிரியை வந்தார். கட்டைகள் இருந்த வாளி அவர் முழங்கையில் இடித்தது. அவர் அதை ஒரு விரலால் ஒதுக்கினார்.

"திங்கக்கிழமைலேர்ந்து பயிற்சிப் புத்தகம்தான். எது நிறையவோ அதைச் சுத்தி வட்டம் போடணும், அவ்வளவுதான். இந்த வாளியெல்லாம் எடுத்து வச்சிடுங்க. நோட்டுல ஒண்ணுமே இல்லையேன்னு வீட்லேர்ந்து கேக்கறாங்க."

"பசங்களுக்கு நல்லா புரியுது மேடம்."

"புரியுதான்னு பாத்துடலாமே."

வேலை ஒன்றும் போய்விடாது. ஆனால் வாளிகள் போனால், இந்த அறைக்குள் தினமும் ஆசையாக நுழைகிற கால் எனக்கு வராது. பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியவள் நான். குழந்தைகள் கொட்டாவி விடுவார்கள், அதைப் பார்த்து நானும் விடுவேன்.

தலைமையாசிரியை கரும்பலகையில் ஐந்து பெரிய வட்டம் வரைந்தார். அதன் கீழே ஏழு குட்டி வட்டம். "எதுல நிறைய இருக்கு?" என்றார். இருபது விரல்களும் ஒரே நேரத்தில் பெரிய வட்டங்களைக் காட்டின. என் மானம் கப்பலேறியது. அவர் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது வக்கீல் எழுந்தாள். ஐந்து வயது. எந்தத் தீர்ப்பையும் அப்பீல் செய்யாமல் விட்டதில்லை என்பதால் நான் வைத்த பெயர் அது. நேராகக் கரும்பலகைக்குப் போய், எக்கி நின்று, ஒரு வட்டத்தை நகத்தால் சுரண்டினாள்.

"என்ன பண்றே?" என்றார் தலைமையாசிரியை.

"பெரிசையும் சின்னதையும் ஜோடி சேக்கணும் மிஸ். ஜோடி கிடைக்காம எது மிச்சம் நிக்குதோ அதுதான் நிறைய. ஆனா இது கையில வரமாட்டேங்குது."

"எல்லாத்தையும் கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமா உனக்கு?"

"ஆமா மிஸ். உங்களையும் தூக்கிப் பாத்தாத்தான் தெரியும், நீங்க எத்தனை பேருன்னு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல நான் கொள்ளமாட்டேனே" என்றார்.

"வெளிய சீசா இருக்கு மிஸ்."

அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீசாப் பலகையின் ஒரு முனையில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, பேருந்தில் உட்காருவது போல நேராக உட்கார்ந்தார். மூன்று பேர் போதும் என்றது ஒரு குழந்தை. நூறு என்றது இன்னொன்று. எதிர்முனையில் மூன்று பேர் ஏறினார்கள், பலகை அசையவில்லை. ஐந்து பேர். அப்புறம் ஏழு பேர், நடுக்கம்பி வரை வரிசையாக. ம்ஹூம். தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது கோபமில்லை, ஏமாற்றம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நைசாக ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். பலகை லேசாக ஆடியது.

"அது ஏமாத்து மிஸ். பின்னாடி போங்க" என்றாள் வக்கீல்.

பள்ளியையே ஒரு பார்வையில் அடக்குகிறவர் மறுபேச்சில்லாமல் பின்னால் போனார்.

வக்கீல் தன் பக்கத்துப் பலகையை ஒரு முறை சுற்றி வந்தாள். "நடுவுல இருக்கறவங்க சும்மா உக்காந்திருக்காங்க. எல்லாரும் கடைசிக்கு வாங்க. மடியில உக்காருங்க." அதே ஏழு பேரும் முனையில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்தார்கள். நான் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அது முனகியது. தலைமையாசிரியையின் குதிகால் தரையை விட்டது, பிறகு விரல்களும். கொஞ்ச நேரம் அவர் கால்கள் தரையைத் தேடின. அப்புறம் தேடவில்லை. "ஏழு, ஏழு" என்று கீழே ஒரே கூச்சல்.

"மேடம், திங்கக்கிழமை..." என்று இழுத்தேன்.

"திங்கக்கிழமை வாட்ச்மேனை உக்கார வச்சுப் பாருங்க. அந்த ஒல்லி உடம்புக்கு அஞ்சு பேர் தாராளம்" என்றார் மேலிருந்து. பிறகு எதிர்முனையைப் பார்த்து, "இப்ப ஒருத்தர் மட்டும் இறங்குங்க. ஆறு பேர் போதுமான்னு பாக்கணும்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் இறங்கவில்லை. ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவரின் இடுப்பை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். அவர் மேலேயே காத்திருந்தார். ஒரு செருப்பு கழன்று மணலில் விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை; வெறுங்கால் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.